தரங்கம்பாடிக் கரையில் உன் அப்பா கொடி பிடித்த கதை

அமலு, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து இதைப் படி. பசியோடு எதைப் படித்தாலும் உனக்குக் கோபம் வரும். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இப்போது வாசலில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதும் கடிதம் இது. பிழை கண்ணில் பட்டால் மெர்சிக்குக் காட்டி இரண்டு பேருமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே மாமியாரைப் பார்த்துச் சிரித்துவிட்ட மருமகளுக்குப் பிறகு சண்டை போட மனசு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று சொன்னாய். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலம்மா. நான் மஸ்கட் வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட அவரா எனக்கு போன் பண்ணல. அவருக்கு இஷ்டமில்லன்னா நானும் மெர்சியும் இங்க இருக்கிற சர்ச்சிலயே கல்யாணத்த முடிச்சிக்கிறோம்" என்றாய். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, லைன் கட்டாகிவிட்டதா என்று உள்ளேயிருந்து உன் அப்பா கேட்டார். நம் வீட்டில் நான் வாயை மூடினால் போன்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும். அவரிடம் கோபம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீ சொந்த ஊர்க் கல்யாணத்தையே வேண்டாம் என்கிறாய். அதனால் அந்தக் கோபம் எங்கே, எப்போது தீர்ந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். அது தீர்ந்த இடத்தில் நீயும் இருந்தாய். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோய்க்கொண்டிருந்தாய்.

நீ வேலைக்குப் போன வருஷத்துச் சண்டை உனக்குத் தெரியும். ஒரு முறை அவர் பக்கத்தில் நின்று பார். மைன்ஸில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற பாறையைத் துளைபோட்டு, வெடி வைத்துத் தளர்த்துவார்கள். அப்புறம்தான் பெரிய மிஷின் வந்து வாரும். அந்த வெடிக் கூட்டத்தில் உன் அப்பா காண்ட்ராக்ட் ஆள். வெடிக்கு முன்னால் விசில் அடித்து, சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு ஈ காக்கையைக் கிட்டே விடாமல் நிறுத்துவதுதான் அவருடைய வேலை. அவரோடு சேர்ந்தவர்களில் சிலர் பெர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் அடுத்த வருஷம் ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நீ அதே மைன்ஸில் அப்ரன்டிஸ் முடித்து, பெர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்த அன்று, அதை மாதா படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, வடலூர் வரைக்கும் சைக்கிளில் போய் ஜிலேபி வாங்கிவந்தார். நீ அந்த ஜிலேபியைத் தின்றுகொண்டேதான் சொன்னாய், இன்டர்வியூவுக்குப் போகப்போவதில்லை, சர்வே கம்பெனியில் சேரப்போகிறேன், ஊர் ஊராகப் போய் நிலம் அளக்கிற வேலை என்று. வாயில் இருந்ததை முழுங்கிவிட்டாவது சொல்லியிருக்கலாம், ராசா.

அன்றைக்கு நின்ற பேச்சு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் வழியாகத்தான் நடந்தது. "உன் புள்ளைய லைட்ட நிறுத்தச் சொல்லு" என்பார். நீ கை எட்டும் தூரத்தில் படுத்திருப்பாய். "டீ ஆறுதுன்னு அவருகிட்ட சொல்லும்மா" என்பாய். டீ அவர் கையிலேயே இருக்கும். நான் நடுவில் போஸ்ட்மேன். போஸ்ட்மேன் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பார்கள். நான் பிரித்துப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். இன்டர்வியூவுக்குப் போகாதவன் இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது என்று அவர் சொல்லியனுப்பியது, உன்னிடம் வரும்போது "நல்லா யோசிக்கச் சொன்னாரு" என்று ஆகிவிட்டது. மெர்சியோடும் உனக்கு மனஸ்தாபம் வரும். வராவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறப்பதில்லை என்று அர்த்தம். வரும்போது நடுவில் ஆள் வைக்காதே. நடுவில் நிற்கிறவளுக்கு இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நீ அந்த சர்வே கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு மிஷின் கொண்டுவந்தாய். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகளைக் கேட்டு, நாம் நிற்கிற இடத்தை நம்பராகச் சொல்லும் என்றாய். வீட்டுக்குள் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலில் கொண்டுபோய் வானத்தைக் காட்டியதும் நம்பர் வந்தது. அத்தனை உயரத்திலிருந்து வடக்குத்து ஊரில் நம் வாசலைக் கண்டுபிடித்துவிட்டதே என்று எனக்கு மெய்சிலிர்த்துப்போனது. கயிற்றில் காய்ந்த பாவாடையை ஓடிப்போய் எடுத்து உள்ளே போட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னாய். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் நம்பரை இன்டர்நெட்டில் போட்டுவிடுவாராம். முன்பின் தெரியாதவர்கள் அந்த நம்பரை வைத்துத் தேடிப்போய், டப்பாவைத் திறந்து பேரெழுதி, ஒரு சாமானை எடுத்துக்கொண்டு இன்னொரு சாமானை வைத்து, பழையபடி ஒளித்துவிட்டு வருவார்களாம். ஜியோகேச்சிங் என்று பேராம். கூலியும் இல்லை, பரிசும் இல்லை என்றாய். இதற்காக பஸ் ஏறிப் போகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றாய். பைத்தியம் நம் வீட்டில் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குக் கிட்டே அப்படி ஒரு டப்பா இருக்கிறது, வாம்மா போகலாம் என்று நீ என்னைத்தான் கூப்பிட்டாய். உன் அப்பாவைக் கிளப்பியது நான். எனக்கு பஸ்ஸில் தலை சுற்றும், தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், புள்ள கை பூஞ்சை, பலம் போதாது என்று சொன்னேன். மூன்று பேர் சீட்டில் நான் நடுவில். சிதம்பரத்தில் இறங்கி காரைக்கால் பஸ் பிடித்து, அங்கே போய்ச் சேர்கிற வரைக்கும் எனக்குத் தலை சுற்றவே இல்லை. அவர் மட்டும் அவ்வப்போது என் தலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கோட்டையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சந்தன நிறத்தில், சுண்ணாம்பு பூசிப் புதுசாகச் சரிசெய்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. நம் பக்கத்தில் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது. நேற்று பஸ் போன ரோடு இன்று பள்ளமாகிவிடும். பள்ளம் இருந்த இடம் மண்மலையாகிவிடும். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு, வெறும் மணலில், கடலுக்கு எதிரில், முந்நூறு நானூறு வருஷமாக ஒரு கட்டடம் அசையாமல் நிற்கிறது என்றால் நம்ப முடியவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, சுனாமியன்று தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். செத்தவர்களுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டேன். நீ கையில் மிஷினோடு முன்னால் போய்விட்டாய்.

மிஷின் நம்மைக் கடலோரத்துக் கருங்கல் கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டுவந்தது. கரையை அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பெரிய பெரிய பாறைகள். இதற்கு மேல் மிஷினுக்குத் தெரியாது, இனிமேல் நம் கண்தான் தேட வேண்டும் என்றாய். நீ கல்லுக்குக் கல் தாவிக் குனிந்து குனிந்து தேடினாய். உன் அப்பா மீன்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "உன் புள்ள எதத் தொலைச்சிட்டுத் தேடறான்?" என்று என்னைக் கேட்டார். புத்தியைத்தான், அப்பன்கிட்டேருந்து வாங்கினது, கிடைக்கிறது கஷ்டம் என்றேன். மீன்காரம்மா சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் அவர் கையிலிருந்த கடலை கீழே கொட்டியது.

"அமலு, கை வைக்காத. அப்படியே பின்னால வா."

ஜிலேபிக்குப் பிறகு அவர் உன்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு பொந்து. அதன் வாயை ஈர மணலால் அடைத்திருந்தார்கள். மணலுக்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளுமாக இரட்டை ஒயர் ஒரு முழம் வெளியே தொங்கியது. நீ டப்பா கிடைத்துவிட்டது என்று பார்த்தாய். வெடிமருந்தைப் போட்டு, மண்ணால் வாயை அடைத்து, ஒயரை வெளியே விட்ட குழிகளையே நாள் முழுக்கப் பார்த்த மனிதர் வேறொன்றைப் பார்த்தார். வெடிக்காமல் நின்றுபோன குழி. அவர்கள் பாஷையில் மிஸ்ஃபயர்.

அப்புறம் நடந்த கூத்துக்கு நான் இன்னும் சிரிக்கிறேன். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடித்த விசிலில் கோட்டைமேல் இருந்த காக்கா எல்லாம் கிளம்பியது. கையில் சிவப்புக் கொடி இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, மீன்காரம்மாவின் சிவப்பு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கி, மீனை மணலில் கவிழ்த்துவிட்டு, அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். "யோவ், இன்னாய்யா பண்ற, என் மீனு" என்று அவள் எழுந்து வந்தாள். "உசுரு போறதுக்கு மீனு போவட்டும். அந்தாண்ட போம்மா" என்றார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அவர்கள் ஓடுவதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமல் இன்னும் நாலு பேர் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. தன் வேலையை அவர் எவ்வளவு சுத்தமாகச் செய்வார் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நீ சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். "ப்பா, அது டிபன் பாக்ஸுப்பா. அலை இழுத்துகினு போவாம இருக்க ஒயர் போட்டுக் கட்டியிருக்காங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாய்.

"வெடிக்கிற வரைக்கும் எல்லாமே டிபன் பாக்ஸுதான். நீ உங்கம்மாகூட நில்லு. நான் போய்ப் பாக்கறேன்."

"நம்பரப் பாத்து வந்தது நானு. இது என் வேலைப்பா. நீங்க கொடியப் புடிங்க" என்றாய்.

நான் இப்போது பெரிய சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. பேசினை நேராகத் தூக்கிப் பிடித்தார். நீ திரும்பி நடக்க ஆரம்பித்தாய். இதுவரைக்கும் நடந்தது உனக்குத் தெரியும்.

நீ முதல் பாறையில் கால் வைத்தாய். டிபன் பாக்ஸ் என்று நீ சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது, அவர் முகமும் கண்ணெதிரே இருந்தது. அமலு என்று கத்தப்போனேன். ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொண்டே, மீன் நாற்றமடிக்கிற இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினார். "கூப்டாத. உள்ள போறவன பின்னாடிலேர்ந்து கூப்டக் கூடாது. கூப்ட்டா திரும்புவான், திரும்புனா காலு எசகி இடறும்" என்றார். அது அவர்கள் கூட்டத்து வழக்கமாம். வெடிக்காத குழியைப் பார்க்க உள்ளே போகிறவன், சர்ட்டிபிகேட் வாங்கிய ஒரே ஒரு ஆள். அவன் போகும்போது பின்னால் நிற்கிற ஒருவரும் அவன் பேரைச் சொல்ல மாட்டார்கள், இருமக்கூட மாட்டார்கள். வேலை முடிந்தால் அவனே குரல் கொடுப்பான். அதுவரைக்கும் கொடி இறங்காது. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்து, குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லத் தெரிந்த மனிதர், இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ கல்லில் ஒரு காலை வைத்து, ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்து, பிறகுதான் அடுத்த காலை எடுத்தாய். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்கிறாரா தனக்குத்தானே சொல்கிறாரா என்று தெரியாதபடி சொன்னார்: "யார் யாரோ உள்ள போயிருக்காங்க. நான் இங்கயே நின்னுகினு இருப்பேன். இன்னிக்கு நம்ம வூட்டுலேர்ந்து ஒருத்தன் போறான். பாரு, எப்படிப் பாத்துப் பாத்து வைக்கிறான். இவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. கேட்டால் உப்புத்தண்ணி தெறித்துவிட்டது என்றார். அலை எங்கேயோ கிடந்தது. கொஞ்சம் கழித்து, குரலை இன்னும் இறக்கி, "படி ஏறக் கூடாதுன்னு நான் சொன்னத அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். "நல்ல வேலை செஞ்ச" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மெச்சிச் சொன்ன ஒரே பேச்சு அதுதான், எழுதி வைத்துக்கொள். உன் அப்பாவின் கோபம் அந்த இடத்தில் தீர்ந்தது. நீ அப்போது பொந்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாய்.

பச்சை நிற இரும்பு டப்பா. நீ அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக் குரல் கொடுத்த பிறகுதான் பேசின் இறங்கியது. மீன்காரம்மாதான் முதலில் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள், தங்கம் இருக்கும் என்று. உள்ளே ஒரு பொம்மைக் கார், நடுவில் ஓட்டை போட்ட வெளிநாட்டுக் காசு, ஒரு சாவிவளையம், பென்சில், வந்தவர்கள் பேரெழுதிய தாள். இதுக்கா என் மீனைக் கொட்டின என்று அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் கூடையில் மிச்சமிருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் அவர் தப்பினார். எனக்கு அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எந்தெந்த நாட்டு எழுத்தோ. எழுதியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, அவர்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் தெரியாது. அத்தனை பேரும் அந்தப் பொந்தில் கையை விட்டு, திறந்து பார்த்துவிட்டு, அடுத்து வருகிறவருக்காக அப்படியே மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டு இல்லை, வாட்ச்மேன் இல்லை. நம் தெருவில் வாசலில் செருப்பை விட முடியாது. உலகத்தில் இப்படியும் ஒரு நம்பிக்கை நடக்கிறது என்று கோட்டையைப் பார்த்ததைவிட அதிகமாக அசந்துபோனேன். எதையாவது வைக்க வேண்டும் என்றாய். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளில் நல்லதாக ஒன்றைக் கழற்றி வைத்தேன். எந்த நாட்டுக்காரிக்குப் பயன்பட்டதோ.

வரும்போது அதே மூன்று பேர் சீட்டு. என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு அவர் நடுவில் உட்கார்ந்தார். பாலைவனத்தில் ஒரு ஆள் தொலைந்தாலும் இது கண்டுபிடிக்குமா என்று உன் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த புதன்கிழமைதான் அந்த இன்டர்வியூ. அன்று காலை அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நேரமாகிறதே, எழுப்பட்டுமா என்று கண்ணால் கேட்டேன். உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டே தெரு வரைக்கும் போனார். பெர்மனென்ட் என்ற வார்த்தைக்காக அத்தனை வருஷம் காத்திருந்த மனிதர், அமலு.

இப்போது போன் விஷயம். போன ஞாயிறு நீ வைத்ததும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஏங்க, பெத்த புள்ளைக்கு ஒரு போன் பண்ணா விரல் தேஞ்சுடுமா என்று கேட்டேன். "உள்ள போயிருக்கான்டி" என்றார். "எந்தப் பள்ளத்தோரம், எந்தக் குன்று மேல மிஷின வச்சிகினு நின்னுகினு இருக்கானோ. நான் கூப்ட்டா திரும்புவான்ல?" போன் அடித்தால் யாருக்கும் கால் இடறாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் விரல் அந்த நம்பரை அழுத்தாது. நீ விமானம் ஏறிய நாளிலிருந்து அவர் அந்தக் கரையிலேயேதான் நிற்கிறார், நீ குரல் கொடுப்பாய் என்று கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நீயானால் ஞாயிறுதோறும் போன் எடுத்ததும் "யம்மா" என்று ஆரம்பிக்கிறாய், என்னோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

அதனால் இனிமேல் நான் போஸ்ட்மேன் வேலை பார்ப்பதாக இல்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நான் குறிஞ்சிப்பாடிக்குப் போகிறேன், மெர்சிக்குப் புடவை பார்க்க. அதை அவள் கட்டிக்கொள்வது நம் ஊர் மாதா கோயிலில்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உன் முடிவை நீ அவரிடம் சொல். அவர் தனியாக இருப்பார். நீ போன் செய். எடுப்பார். எடுத்ததும், உங்கம்மா இல்ல என்று சொல்லி வைக்கப் பார்ப்பார். விடாதே. அம்மாவுக்கு இல்லப்பா, உங்களுக்குத்தான் பண்ணினேன் என்று சொல். வேலை நல்லபடியாக நடக்கிறது, கால் கை நன்றாக இருக்கிறது, மே மாதம் வருகிறேன் என்று சத்தமாகச் சொல். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நில்.

இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய
உன் அம்மா